பழைய கணினியில் கூத்துக் காணொளித் தொகுப்பு: நான்கு பருவங்களின் அனுபவம்

செய்யாறு வட்டாரத்தில் திரௌபதி அம்மன் கோயில் விழாக்களை ஒட்டி, இரவு பத்து மணிக்குத் தொடங்கி விடியும் வரை நடக்கும் தெருக்கூத்துகளைக் கைப்பேசியில் படம்பிடித்து, வீட்டுக் கணினியில் தொகுத்து, ஆடிய குழுவுக்கே ஒரு பிரதி கொடுப்பதை 2022 முதல் வழக்கமாக வைத்திருக்கிறேன். தொகுப்பதற்குப் பயன்படுத்துவது கேடென்லைவ் என்ற கட்டற்ற மென்பொருள். கணினியோ 2014-இல் வந்த இன்டெல் ஐ5-4590 பிராசசர், 8 ஜிபி ரேம், 1 டிபி ஹார்ட் டிஸ்க் ஆகியவற்றைக் கொண்ட, தனி கிராபிக்ஸ் கார்டு இல்லாத மேசைக் கணினி. இந்த இரண்டும் சேர்ந்து முதல் ஆண்டில் என்னைப் படுத்திய பாட்டையும், இன்று அதே கணினியில் பெரிய சிரமமின்றி வேலை நடப்பதற்கு என்னென்ன செய்தேன் என்பதையும், செய்தவற்றுள் எது வீண் என்பதையும் இங்கே எழுதுகிறேன்.

முதல் பருவத்தில் கண்ட நிலை இது. ஒரு கிளிப்பை (பதிவுத் துண்டை) டைம்லைனில், அதாவது துண்டுகளை வரிசையாக அடுக்கும் பட்டையில், இழுத்துவிட்டு ஸ்பேஸ் பாரைத் தட்டினால், படம் இரண்டு நொடி ஓடி, அப்படியே உறைந்து, ஒலி மட்டும் முன்னே போய்க்கொண்டிருக்கும். கட்டியக்காரன் ஒரு பகடியை முடிக்கும் இடத்தில் வெட்ட வேண்டுமென்றால், அந்த இடத்தைக் கண்டுபிடிப்பதற்குள் கர்சரை முன்னும் பின்னும் நகர்த்தி, ஒவ்வொரு நகர்த்தலுக்கும் ஒன்றரை நொடி காத்திருக்க வேண்டும். எட்டு மணி நேரப் பதிவில் இப்படி நூற்றுக்கணக்கான வெட்டுகள் உண்டு என்பதை நினைத்தால் நான் எத்தனை மாலைகளை இழந்தேன் என்பது விளங்கும்.

உள்ளூர்க் கணினிக் கடையில் கேட்டபோது, கணினியைத் திறந்துகூடப் பார்க்காமல், “ரேம் பத்தலண்ணா, இன்னொரு எட்டு போட்டுட்டா பறக்கும்” என்றார்கள். போட்டேன், பறக்கவில்லை. தவறு அவர்களுடையது என்று சொல்ல மாட்டேன். அளந்து பார்க்காமல் பணத்தை எடுத்துக் கொடுத்தது நான்தான். அன்று இரவு, கணினியின் எந்தப் பாகம் எவ்வளவு உழைக்கிறது என்று காட்டும் டாஸ்க் மேனேஜரைத் திறந்து வைத்துக்கொண்டு அதே கிளிப்பை ஓட்டிப் பார்த்தேன். நினைவகப் பயன்பாடு 6 ஜிபியைத் தாண்டவே இல்லை, ஹார்ட் டிஸ்க்கின் உழைப்பு பாதியைக்கூட எட்டவில்லை, ஆனால் பிராசசரில் கணக்கு வேலை செய்யும் பகுதிகளான நான்கு கோர்களும் 100 சதவீதத்தில் முட்டிக்கொண்டு நின்றன. காசு செலவழிப்பதற்கு முன் செய்திருக்க வேண்டிய இந்த ஐந்து நிமிடச் சோதனையைப் பின்னால் செய்த வகையில் எனக்குக் கிடைத்தது, தேவைக்கு மேல் 8 ஜிபி ரேம்.

பிராசசர் ஏன் முட்டுகிறது என்பதற்கான விடை, மீடியாஇன்ஃபோ என்ற சிறிய இலவசச் செயலியில் அந்தக் கோப்பைத் திறந்தவுடன் கிடைத்தது. கைப்பேசி 4கே அளவில், எச்.265 முறையில் பதிவு செய்திருந்தது. 4கே என்பது 3840-க்கு 2160 புள்ளிகள், அதாவது சாதாரண 1080பி படத்தைப்போல நான்கு மடங்கு. எச்.265 என்பது 2013-இல் வந்த சுருக்கு முறை, முந்தைய எச்.264 முறையில் ஏறத்தாழ அதே தரத்துக்குப் பிடிக்கும் இடத்தில் பாதியளவில் முடித்துவிடுவதே அதன் நோக்கம். அந்த அளவுக்குச் சுருக்கியதை விரிப்பதற்குக் கணக்கு வேலை அதிகம். புதிய பிராசசர்களில் இதற்கென்றே தனிச் சுற்று இருக்கிறது. இன்டெலில் 2015-இல் வந்த ஆறாம் தலைமுறையிலிருந்துதான் எச்.265-ஐ விரிக்கும் வசதி வன்பொருளிலேயே முழுமையாக அமைந்தது. என்னுடையது நான்காம் தலைமுறை. ஆகவே அந்தச் சுமை முழுவதும் பொதுக் கோர்களின் தலையில் விழுந்தது.

இதைவிட முக்கியமான இன்னொன்று உண்டு. வெறுமனே படம் பார்க்கும்போது ஓரளவு ஓடிய அதே கோப்பு, தொகுக்கும்போது மட்டும் ஏன் இவ்வளவு திணறுகிறது என்ற கேள்விக்கு விடை அதில்தான் இருக்கிறது. இத்தகைய கோப்புகளில் ஒவ்வொரு ஃபிரேமும், அதாவது காணொளியில் அடுத்தடுத்து வரும் ஒவ்வொரு தனிப் படமும், முழுப் படமாகச் சேமிக்கப்படுவதில்லை. சில ஃபிரேம்களுக்கு ஒருமுறை, பல கைப்பேசிகளில் ஏறத்தாழ நொடிக்கு ஒருமுறை, ஒரு முழு ஃபிரேம் வரும். இடையில் உள்ளவை, அதற்கு முன்னும் பின்னும் உள்ளவற்றிலிருந்து என்ன மாறியது என்பதை மட்டும் குறித்து வைத்திருக்கும். நேராக ஓட்டும்போது இது வரிசையாக விரிந்துகொண்டே போகும். கர்சரை ஒரு ஃபிரேம் பின்னால் தள்ளினால், மென்பொருள் முந்தைய முழு ஃபிரேமுக்குப் போய், அங்கிருந்து இருபத்தைந்து முப்பது ஃபிரேம்கள் வரை கணக்கிட்டு வந்துதான் நமக்கு அந்த ஒன்றைக் காட்ட முடியும். நொடிக்கு 30 ஃபிரேம் என்றால் ஒரு ஃபிரேமுக்குக் கிடைப்பது 33 மில்லிநொடி. தொகுப்பாளரின் வேலையோ பாதிக்கு மேல் பின்னால் தள்ளுவதுதான்.

எல்லாவற்றையும் ஒவ்வொரு ஃபிரேமும் முழுதாக இருக்கும் வடிவத்துக்கு மாற்றிவிடலாமே என்று முதலில் தோன்றியது. கணக்குப் போட்டுப் பார்த்தேன். அப்படிப்பட்ட வடிவங்களுள் ஒன்றான புரோரெஸ் 422-இல் 1080பி, 30 ஃபிரேம் படத்துக்கு நொடிக்கு சுமார் 147 மெகாபிட் ஆகும். ஒரு மணி நேரத்துக்கு 66 ஜிபி, ஓர் இரவுக் கூத்துக்கு 500 ஜிபிக்கும் மேல். 4கே என்றால் அதைப்போல ஏறத்தாழ நான்கு மடங்கு. அந்த யோசனையை அங்கேயே கைவிட்டேன்.

என்னைக் காப்பாற்றியது பிராக்சி. மூலக் கோப்பை அப்படியே வைத்துக்கொண்டு, தொகுக்கும்போது கையாள்வதற்கு மட்டும் சிறிய அளவில், எளிதில் விரியும் வடிவில் ஒரு மாற்றுக் கோப்பை உருவாக்கிக்கொள்வதே இது. கேடென்லைவில் புராஜெக்ட் அமைப்புக்குள் போய் இதை இயக்கிவிட்டால், குறிப்பிட்ட அகலத்துக்கு மேற்பட்ட காணொளிகளுக்கு அதுவே பிராக்சி செய்துகொள்ளும். நான் எம்ஜேபெக் வடிவைத் தேர்ந்தெடுத்தேன். அதில் ஒவ்வொரு ஃபிரேமும் தனித்தனிப் படம் என்பதால் பின்னால் தள்ளினாலும் தயக்கமில்லை. ஓர் இரவுக் கூத்துக்கான பிராக்சிகளை உருவாக்க என் கணினிக்கு ஒரு பகல் முழுவதும் ஆனது. ஆனால் அதன்பின் ஒன்றரை நொடித் தாமதம் கண்ணுக்குத் தெரியாத அளவுக்குக் குறைந்துபோனது. நான்கு ஆண்டுகளில் செய்த அத்தனை மாற்றங்களிலும் இதற்கு இணையானது வேறில்லை, இதற்கு ஆன செலவு ஒரு பைசாவும் இல்லை. ஒரேயொரு எச்சரிக்கை: தொகுத்ததை ஒரே காணொளியாக எழுதும் இறுதி ரெண்டருக்கான பெட்டியில் பிராக்சியையே பயன்படுத்தும்படி ஒரு தெரிவு இருக்கிறது. அவசரத்தில் அதை டிக் செய்துவிட்டு, ஏழு மணி நேரம் காத்திருந்து, மங்கிய படத்தைப் பெற்ற அனுபவம் எனக்கு உண்டு.

அடுத்த சிக்கல் வேகத்தைப் பற்றியது போலத் தோன்றி, வேறொன்றாக முடிந்தது. நாற்பது நிமிடக் கிளிப்பின் தொடக்கத்தில் எல்லாம் சரியாக இருக்கும். முடிவுக்கு வரும்போது ஆட்டக்காரரின் கால் தரையில் பதிந்து அரை நொடி கழித்துத்தான் சலங்கை ஒலிக்கும். அடவு ஒரு பக்கம், மிருதங்கம் ஒரு பக்கம். கணினி மெதுவாக இருப்பதால்தான் படம் பின்தங்குகிறது என்று பல நாள் நம்பியிருந்தேன். மீடியாஇன்ஃபோவில் மறுபடி பார்த்தபோது, ஃபிரேம் வேகம் என்ற வரியில் ‘வேரியபிள்’ (மாறக்கூடியது) என்று இருந்தது. வெளிச்சம் குறைந்தால் பல கைப்பேசிகள் ஒவ்வொரு ஃபிரேமுக்கும் அதிக நேரம் ஒளி வாங்குவதற்காக ஃபிரேம் எண்ணிக்கையைத் தாமாகவே குறைத்துக்கொள்கின்றன. கூத்து நடப்பது நள்ளிரவில். ஆட்டக்காரர் விளக்கை விட்டு விலகி நிழலுக்குள் போகும்போதெல்லாம் முப்பது இருபத்து நான்காகி, மீண்டும் முப்பதாகியிருக்கிறது. சீரான வேகத்தை எதிர்பார்க்கும் எந்தத் தொகுப்பு மென்பொருளுக்கும் இது ஒவ்வாது. கேடென்லைவ் இப்போது இத்தகைய கோப்பைச் சேர்க்கும்போதே கண்டுபிடித்து, மாற்றிக்கொள்ளலாமா என்று கேட்கிறது. அன்றைக்கு நான் ஹேண்ட்பிரேக் என்ற, காணொளி வடிவம் மாற்றும் மென்பொருளில் ‘கான்ஸ்டன்ட் ஃபிரேம்ரேட்’ (மாறாத ஃபிரேம் வேகம்) என்பதைத் தேர்ந்தெடுத்து எல்லாக் கோப்புகளையும் மாற்றினேன். சலங்கை காலோடு சேர்ந்தது.

இரண்டாம் பருவத்திலிருந்து நோயை மூலத்திலேயே கிள்ளிவிட்டேன். கைப்பேசியின் கேமரா அமைப்பில் 1080பி, எச்.264, வேகம் தானாக மாறாமல் நிலையான 30 என்று வைத்தேன். எல்லாக் கைப்பேசியிலும் இந்த மூன்றும் இருக்காது. இருந்தால் முதலில் தொட வேண்டியவை இவைதாம். 4கே-வில் எடுத்தால் பின்னால் வெட்டிப் பெரிதாக்கலாம் என்ற வாதம் உண்மைதான். ஆனால் பார்ப்பவர்கள் கைப்பேசித் திரையில்தான் பார்க்கிறார்கள் என்பதால் அந்த ஆசையை நான் விட்டுவிட்டேன்.

மூன்றாம் ஆண்டில் ஹார்ட் டிஸ்க்கைவிட வேகமான சேமிப்பகமான எஸ்எஸ்டி ஒன்றை 480 ஜிபி அளவில் வாங்கி, இயங்குதளத்தையும் கேடென்லைவின் தற்காலிகக் கோப்புகளையும் அதற்கு மாற்றினேன். இதைப் பற்றி மிகையான எதிர்பார்ப்பு வேண்டாம். புராஜெக்ட் திறப்பதும், ஒலி அலைவரைவு தோன்றுவதும், மென்பொருள் தொடங்குவதும் பளிச்சென்று மாறின. ஆனால் சுருக்கிய படத்தை விரிக்கும் வேகம் துளியும் கூடவில்லை, கூடவும் முடியாது. மூலக் காணொளிகள் இன்றும் பழைய ஹார்ட் டிஸ்க்கில்தான் இருக்கின்றன. இதே சமயத்தில்தான், புராஜெக்ட் கோப்புறையை மேகச் சேமிப்புச் செயலி ஒன்று சத்தமில்லாமல் பதிவேற்றிக்கொண்டிருப்பதையும், புதிதாக எழுதப்படும் ஒவ்வொரு பிராக்சியையும் வைரஸ் தடுப்பு மென்பொருள் சோதித்துக்கொண்டிருப்பதையும் கவனித்தேன். முன்னதை நிறுத்தினேன், பின்னதில் பிராக்சிகள் எழுதப்படும் அந்த ஒரு கோப்புறைக்கு மட்டும் விலக்கு அளித்தேன்.

சித்திரை மாத வெயிலுக்கென்று தனியாக ஒரு பத்தி எழுத வேண்டும். காலையில் ஒழுங்காக ஓடும் டைம்லைன் பிற்பகலில் திணறுவதைக் கண்டு, முதலில் மென்பொருளின் புதிய பதிப்பைத்தான் சந்தேகித்தேன். எச்டபிள்யூஇன்ஃபோ செயலியில் பார்த்தால், பிராசசரின் வெப்பம் 100 பாகையைத் தொட்டு, 3.3 கிகாஹெர்ட்ஸுக்குக் குறையாமல் ஓட வேண்டிய வேகம் 2-க்கும் கீழே இறங்கியிருந்தது. தன்னைக் காத்துக்கொள்ளப் பிராசசர் தானே மெதுவாகிறது. பக்கவாட்டுத் தகட்டைக் கழற்றியபோது, பிராசசரின் சூட்டை வெளியேற்றும் உலோகத் தகடுகளான ஹீட் சிங்க்கின் இடுக்குகளில் தூசி கம்பளிபோல அப்பிக்கிடந்தது. அதற்கும் பிராசசருக்கும் இடையே சூட்டைக் கடத்தும் பழைய தெர்மல் பேஸ்ட் காய்ந்து சுண்ணாம்பாக உதிர்ந்தது. சுத்தம் செய்து, புதிய பேஸ்ட் ஒரு சொட்டு வைத்துப் பூட்டியபின், அதே ரெண்டரில் வெப்பம் 75 பாகையைச் சுற்றியே நின்றது. தெருவோர வீடு என்பதால் இதை இப்போது ஆண்டுக்கு இருமுறை செய்கிறேன்.

எஃபெக்ட்கள் விஷயத்தில் ஒரு சுயக் கட்டுப்பாடு தேவைப்படுகிறது. இரவுப் பதிவில் புள்ளி புள்ளியாகத் தெரியும் இரைச்சலை நீக்கும் எஃபெக்ட் ஒன்றைப் போட்டாலே பிராக்சியின் பயன் பாதி போய்விடும், ஏனெனில் கேடென்லைவின் பெரும்பாலான எஃபெக்ட்கள் பிராசசரில்தான் இயங்குகின்றன. ஆகவே வெட்டும் வேலை முழுவதும் முடிந்தபின்பே வண்ணத் திருத்தத்தையும் இரைச்சல் நீக்கத்தையும் தொடுகிறேன். ஏதேனும் ஓர் இடத்தை எஃபெக்ட்டுடன் சீராகப் பார்த்தே ஆக வேண்டுமென்றால், அந்தப் பகுதியை மட்டும் குறித்து முன்னோட்ட ரெண்டர் செய்துகொள்கிறேன். டைம்லைனின் மேலுள்ள சிவப்புக் கோடு பச்சையாக மாறியதும் அவ்விடம் தடையின்றி ஓடும். மானிட்டரின் முன்னோட்ட அளவை 540-க்கோ 360-க்கோ இறக்குவதும் நன்கு உதவுகிறது.

மென்பொருளைப் பொறுத்தவரை, இது திடீரென மூடிக்கொண்டதே இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் ஒவ்வொரு முறையும் தானே சேமித்து வைத்திருந்ததிலிருந்து மீட்டுத் தந்திருக்கிறது. வேலை நடுவில் இருக்கும்போது புதிய பதிப்புக்கு மாறுவதில்லை என்பதை விதியாகவே வைத்திருக்கிறேன். விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-இல் முடிந்ததாலும், என் பிராசசரை விண்டோஸ் 11 ஏற்காததாலும், இப்போது லினக்ஸ் மின்ட் என்ற கட்டற்ற இயங்குதளத்தில் அதே கேடென்லைவை ஓட்டுகிறேன். பழைய புராஜெக்ட்களைத் திறந்தபோது கோப்புகள் இருக்கும் இடத்தை மறுபடி காட்ட வேண்டியிருந்ததைத் தவிர வேறு தொல்லை இல்லை. புதிய கணினி வாங்கும் எண்ணம் இன்னும் வரவில்லை. இரண்டு கேமராக் கோணங்களை ஒன்றாக வைத்துத் தொகுக்கும்போது மட்டும் அந்த ஆசை லேசாக எட்டிப் பார்க்கிறது.

இப்போதைய வழக்கம் இது. கூத்து முடிந்து காலை ஏழு மணிக்கு வீடு வந்ததும், கைப்பேசியிலிருந்து கோப்புகளை நகலெடுத்து, மீடியாஇன்ஃபோவில் ஒன்றிரண்டைத் திறந்து வேகம் நிலையாக இருக்கிறதா என்று பார்த்து, பிராக்சிகளை ஓடவிட்டு, கணினிக்கு எதிரே மேசை விசிறி ஒன்றை வைத்துவிட்டுப் படுத்துவிடுகிறேன். மாலையில் நான் எழும்போது அதுவும் வேலையை முடித்திருக்கும்.