கழுகுமலையில் கல்லைப் பார்க்கச் சொல்லித்தரும் அண்ணாச்சி

தூத்துக்குடி மாவட்டத்தில் இருக்கும் கழுகுமலைக்குப் போகிறவர்கள் தயவுசெய்து உள்ளூர் வழிகாட்டி ஒருவரைக் கூட்டிக்கொண்டு மேலே ஏறுங்கள். எங்களுடன் வந்தவர் அதே ஊரில் பிறந்து வளர்ந்த அண்ணாச்சி, கல் வேலை பார்த்த குடும்பம். அரை நாளுக்கு 600 ரூபாய் கேட்டார். பேரம் பேசவில்லை, பேசவும் தோன்றாது.

மலைப்பாறையிலேயே செதுக்கிய வெட்டுவான் கோயில் என்றாலே எல்லோரும் சொல்லும், அப்பா சிற்பி தன் மகன் சிற்பியைக் கொன்ற கதையை அவரும் சொன்னார். ஆனால் "இது கதை, இனிமேல் கல்லைப் பாருங்க" என்று அங்கேயே நிறுத்திக்கொண்டார், அது எனக்கு ரொம்பப் பிடித்தது. 8ஆம் நூற்றாண்டுப் பாண்டியர் வேலை. மலையில் மூன்று பக்கமும் ஏறக்குறைய 7.5 மீட்டர் ஆழத்துக்குப் பள்ளம் எடுத்து, நடுவில் விட்ட பாறையை உச்சியில் ஆரம்பித்துக் கீழ்நோக்கிக் கோயிலாகச் செதுக்கிக்கொண்டே இறங்கியிருக்கிறார்கள். மேலே வேலை முடிய முடிய நிற்கிற தரையையும் வெட்டி இறக்குவதால் உயரமாகச் சாரம் கட்டுகிற வேலை இல்லை, ஆனால் ஒரு மூக்கு உடைந்தாலும் வேறு கல் வைக்க வழியும் இல்லை. எல்லோரா கைலாசநாதர் கோயிலும் இதே நூற்றாண்டு, இதே முறைதான். அங்கே எரிமலைப் பாறை, இங்கே நம்ம ஊர்க் கருங்கல்.

கருவறைக்கு மேலே இருக்கும் விமானத்தில் மிருதங்கம் வாசிக்கும் தட்சிணாமூர்த்தியை எல்லோரும் காட்டுவார்கள். இவர் அதைக் காட்டிவிட்டு எங்களைக் கீழே, வேலை முடியாத அடிப்பகுதிக்குப் பக்கத்தில் உட்காரவைத்து, மொபைல் டார்ச்சைப் பாறையோடு ஒட்டிச் சாய்த்துப் பிடித்தார். வெறும் சொரசொரப்பாகத் தெரிந்த கல்லில் உளித் தடம் வரிசை வரிசையாக எழுந்து நின்றது. உளி எந்தப் பக்கமிருந்து விழுந்திருக்கிறது, எங்கே ஆழமாக வெட்டியிருக்கிறார்கள், எங்கே நிதானித்திருக்கிறார்கள் என்று கை வைக்காமலேயே ஒவ்வொன்றாகக் காட்டினார். முடிந்த சிற்பங்களைவிட இந்த முடியாத இடம்தான் அந்த ஆட்களை எனக்குப் பக்கத்தில் கொண்டுவந்தது. நம்ம பக்கம் எத்தனையோ குன்றுகள் கண்ணெதிரே ஜல்லியாகிப் போய்விட்டன, இது தப்பித்திருப்பது பெரிய விஷயம்.

சமணர் சிற்பங்கள் இருக்கும் பக்கம்தான் கொஞ்சம் குறை. வெயில் ஏறிவிட்டதால் அவசரப்படுத்திவிட்டார். சமணர் வணங்கும் குருமார்களான தீர்த்தங்கரர்கள் வரிசையாக உட்கார்ந்திருக்கிறார்கள், அவர்களில் ஒருவரான பார்சுவநாதர், சமணத் துறவி பாகுபலி, சமணர்களின் பெண் தெய்வமான அம்பிகை எல்லாம் தனியாக நின்று பார்க்க வேண்டியவை. அடியில் இருக்கும் வட்டெழுத்தில், அதாவது பழைய தமிழ் எழுத்துமுறையில், இரண்டு மூன்று எழுத்துகளைக் காற்றில் விரலால் எழுதிக் காட்டினார். நெச்சுரம் என்ற பழைய ஊர்ப்பெயரும், பாடம் சொல்லும் பெண் துறவிகளான குரத்தியார் பெயர்களும் இந்தக் கல்வெட்டுகளில் வருகின்றன. பாடம் சொல்லும் இடத்தில் பெண்கள் இருந்திருக்கிறார்கள், ஆயிரம் வருஷத்துக்கும் முன்னாலேயே! இதற்கு இன்னும் அரை மணி நேரமாவது கொடுத்திருக்கலாம்.

கீழே முருகன் கோயில் குடைவரை, அது கூட்டத்தோடு கூட்டமாகப் பார்த்தது. அப்புறம், கோவில்பட்டி சங்கரன்கோவில் ரோட்டில்தான் ஊர், பஸ் வசதி உண்டு. காலையிலேயே ஏறிவிடுங்கள், தண்ணீர் எடுத்துக்கொள்ளுங்கள். சமணர் பக்கத்தை முதலில் வைத்துக்கொள்ளலாம் என்று அண்ணாச்சியிடம் கிளம்பும்போதே சொல்லிவிடுங்கள், கேட்டால் மறுக்க மாட்டார்.