டஃபன்டு கண்ணாடி என்று சொல்லி என் மூன்று மாதச் சம்பளத்தை வாங்கிக்கொண்டார்கள்

கடையிலிருந்து திரும்பிய கையோடு எழுதுகிறேன். வீட்டுக்குக் கண்ணாடி வாங்கும்போது எதையெல்லாம் பார்க்க வேண்டும் என்று விவரமாகச் சொல்கிறேன். முதலில் நடந்ததைக் கேளுங்கள்.

எங்களுடையது பழைய வீடு. முன் வராந்தாவை எப்போதோ மரச்சட்டம் வைத்து அடைத்து ஜன்னல் போட்டிருந்தார்கள். மழைநீர் இறங்கி அடிச்சட்டம் உளுத்துப்போயிருந்தது. திருப்புளியால் குத்தினால் கைப்பிடி வரை இறங்கும். ஆள் வைக்காமல் நானே செய்தேன். ஆறு மாத விடுமுறை நாள்கள் அதிலேயே போயின. தண்ணீர் வெளியே வழியும்படி புதுச் சட்டத்தைச் சரித்து வைத்தேன். பழைய பெயின்டில் ஈயம் இருக்கலாம் என்று நனைத்து நனைத்துத்தான் சுரண்டினேன். அத்தனை கவனமாக இருந்தவன் கண்ணாடியில் ஏமாந்துவிட்டேன்.

ஜன்னல்கள் முழங்கால் உயரத்திலேயே தொடங்குகின்றன. மகள் விளையாடும் இடம். அதனால்தான் டஃபன்டு கண்ணாடி கேட்டேன். 600 டிகிரிக்கு மேல் சூடாக்கிச் சட்டென்று குளிரவைத்த கண்ணாடி அது. சாதாரணக் கண்ணாடியைவிட நான்கைந்து மடங்கு வலு. உடைந்தாலும் கற்கண்டு போலச் சிறு துண்டுகளாக உதிரும்.

கண்ணாடியும் அலுமினியமும் விற்கும் பெரிய கடை. உரிமையாளர் ஒரு மாதிரித் துண்டை எடுத்து, அது டஃபன்டுதான் என்பதற்கு ஓரத்திலிருந்த முத்திரையைக் காட்டினார், விரல் முட்டியால் தட்டினார். "என் பேரப்பிள்ளைகள் இருக்கும் வீட்டுக்கும் இதைத்தான் சார் போட்டேன்" என்றார். அந்த வார்த்தையை நம்பி முழுப் பணத்தையும் அங்கேயே கொடுத்தேன். மூன்று மாதச் சம்பளம். ரசீதில் "6 மி.மீ. கண்ணாடி, 14 துண்டு" என்று மட்டுமே எழுதியிருந்ததை நான் கவனிக்கவில்லை.

பொருத்தும்போது இரண்டு துண்டுகள் அரை அங்குலம் அகலமாக இருந்தன. சொன்னவுடன் ஒரு பையனை அனுப்பினார். அவன் கட்டரால் கோடு இழுத்து, மேசை விளிம்பில் வைத்து ஓர் அழுத்து அழுத்தினான். டக்கென்று நேராகப் பிரிந்து வந்தது. கைநேர்த்தியைப் பாராட்டி அனுப்பினேன். டஃபன்டு கண்ணாடியை அப்படி அறுக்கவே முடியாது, அளவுக்கு வெட்டிய பிறகுதான் அது சூளைக்கே போகும், பிறகு வெட்டப்போனால் மொத்தமும் நொறுங்கிவிடும் என்பது அப்போது எனக்குத் தெரியாது.

ஐந்து நாள் முன்பு காற்றில் ஜன்னல் அடித்து ஒரு துண்டு உடைந்தது. கத்தி கத்தியாக விழுந்தது. முழங்கை நீளச் சில்லு ஒன்று, மகள் உட்கார்ந்து படம் வரையும் மெத்தையில் செங்குத்தாகக் குத்தி நின்றது. அவள் அப்போதுதான் தண்ணீர் குடிக்க எழுந்து போயிருந்தாள்.

மீதி 13 துண்டுகளையும் டார்ச் அடித்துப் பார்த்தேன். ஒன்றிலும் முத்திரை இல்லை.

கடையில் கேட்டபோது முதல் நாள் "உரிமையாளர் வெளியூர்" என்றார்கள். மறுநாள் "படம் எடுத்து அனுப்புங்கள்". அனுப்பினேன், பதில் இல்லை. மூன்றாம் நாள் "முத்திரை துடைக்கத் துடைக்கப் போய்விடும்" என்றார்கள். அழியாமல் இருப்பதற்காகவே பதிக்கும் முத்திரை அது! இன்று உரிமையாளரே வந்தார். "நீங்களாகப் பொருத்தினீர்கள், வேலை தெரிந்த ஆளை வைத்திருக்க வேண்டும். ரசீதில் டஃபன்டு என்று இருக்கிறதா?" என்று கேட்டுவிட்டு அடுத்த வாடிக்கையாளரிடம் திரும்பிக்கொண்டார். பேரப்பிள்ளைகளைச் சொல்லி விற்றவர் என் மகளைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. மூன்று மாதச் சம்பளம் போனதைவிட அதுதான் வயிற்றெரிச்சல்.

விவரமாக எழுத இப்போது மனம் ஓடவில்லை. ரசீதில் "டஃபன்டு" என்று எழுதாமல் பணம் கொடுக்காதீர்கள். மாதிரித் துண்டைப் பார்த்து ஏமாறாதீர்கள், ஒவ்வொரு துண்டிலும் முத்திரையைத் தேடுங்கள். முழுப் பணத்தையும் முன்கூட்டியே கொடுக்காதீர்கள். கண்ணெதிரே அறுத்துக் கொடுத்தால் அது டஃபன்டு இல்லை.

13 துண்டுகளுக்கும் உள்பக்கம் அகல டேப் ஒட்டி, வராந்தாக் கதவைப் பூட்டி வைத்திருக்கிறேன். நாளை உடைந்த சில்லுகளை எடுத்துக்கொண்டு மறுபடியும் அந்தக் கடைக்குப் போகிறேன்.