ரங்கூன் ஆஸ்பத்திரியில் ஒரு வராந்தா

ஆறு நிமிட நடைச் சோதனைக்கு, அதாவது நுரையீரல் நோயாளி ஆறு நிமிடத்தில் எவ்வளவு தூரம் நடக்கிறார் என்று அளப்பதற்கு, முப்பது மீட்டர் நேர்வழி வேண்டும். ரங்கூன் ஆஸ்பத்திரியில் அதற்குக் கிடைத்த இடம், வார்டுக்கும் கேன்டீனுக்கும் நடுவே இருக்கும் வராந்தா. இந்த முனையில் ஒரு நீல முக்காலி, அந்த முனையில் ஒன்று. பெரியப்பா முதல் சுற்று முடிப்பதற்குள் தூக்குவாளியோடு ஓர் அம்மா குறுக்கே வந்தார். அப்புறம் டீ கொண்டுபோகும் பையன். அப்புறம் காலி ஸ்ட்ரெச்சர். தள்ளி வந்தவர் அதை நடுவழியில் நிறுத்தி வெற்றிலை வேறு மடித்தார். நோயாளி நின்றாலும் கடிகாரம் நிற்காது, விதி அப்படி. மூச்சு முட்டி நின்றால் சரி, வெற்றிலைக்காக நின்றாலுமா? நான் இருக்கும் லண்டனில் முதலில் அந்த வழியை அடைத்திருப்பார்கள்.

சீட்டு வரிசை, ஓடாத லிப்ட் பற்றியெல்லாம் உங்களுக்குச் சொல்லவேண்டியதில்லை.

பெரியப்பாவுக்கு சிஓபிடி, மூச்சுக்குழாய் சுருங்கி மூச்சு முட்டும் நாள்பட்ட நுரையீரல் நோய். சுருட்டு கொடுத்த சீர். குளித்துவிட்டு லோஞ்சி (பர்மிய லுங்கி) கட்டுவதற்குள் கட்டிலில் உட்கார்ந்துவிடுவார். எட்டு வாரமாக பிசியோதெரபி சயாமாவிடம் (பர்மாவில் ஆசிரியையை இப்படித்தான் கூப்பிடுவார்கள்) பயிற்சி: நடை, நாற்காலியில் உட்கார்ந்து எழுவது, மணல் நிரப்பிய பாட்டிலைத் தூக்குவது, உதட்டைக் குவித்து மெதுவாக மூச்சு விடுவது. கடைசியில் நுரையீரலின் திறனை அளக்கும் ஸ்பைரோமெட்ரியில் ஊதினால் எண் அப்படியே இருக்கிறது. "காசு தண்டம்" என்றார் பெரியம்மா.

தண்டமில்லை. கெட்ட நுரையீரல் திரும்பாது. தேறுவது கால் தசை. பழகிய தசைக்கு அதே வேலைக்குக் குறைந்த மூச்சு போதும். மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து எடைபோடும் காக்ரேன் அமைப்பின் 2015 மதிப்பாய்வில் 65 ஆய்வுகள்; அதில் பயிற்சி பெற்றவர்கள், பெறாதவர்களைவிட ஆறு நிமிடத்தில் சராசரியாக 44 மீட்டர் கூடுதலாக நடந்தார்கள். முப்பது மீட்டர் கூடினாலே நோயாளிக்கு வித்தியாசம் தெரியும் என்பது கணக்கு. பெரியப்பா 215 மீட்டரிலிருந்து 262க்கு வந்திருக்கிறார், அந்த ஸ்ட்ரெச்சரையும் மீறி! லண்டனில் என் பக்கத்து வீட்டுக்காரர் இதே பயிற்சிக்கு, டிரெட்மில் உள்ள வகுப்புக்குப் பெயர் கொடுத்துவிட்டு மாதக்கணக்கில் காத்திருக்கிறார். இங்கே முக்காலியும் மணலும்தான், ஆனால் ஆள் நடக்கிறார்.

பயிற்சியை விட்டுவிட்டால் ஒரு வருடத்துக்குள் பலன் கரைந்துவிடும். அடுத்து என்ன என்று கேட்டேன். "வீட்டில் நடக்கச் சொல்லுங்க" என்று சயாமா அடுத்தவரைக் கூப்பிட்டார். ஒரு தாள்கூடக் கொடுக்கவில்லை. சரி, நடக்கிறார், தினமும் டீக்கடை வரைக்கும். அங்கே பக்கத்து மேசை முழுக்கச் சுருட்டுப் புகை. காளி கோயில் பக்கம் திருப்பிவிடுங்கள் என்று பெரியம்மாவிடம் சொல்லியிருக்கிறேன்.