மக்காச்சோளம் வாங்கும் பண்ணையாளர்களே, இந்த ஆய்வு அறிக்கையை நம்பிவிடாதீர்கள்

போன வாரம் பக்கத்து ஊர்ப் பண்ணையாளர் ஒருவர் ஓர் ஆய்வு அறிக்கையைக் கைப்பேசியில் அனுப்பி, "அண்ணா, இந்தச் சரக்கை வாங்கலாமா?" என்று கேட்டிருந்தார். பார்த்ததும் வயிறு எரிந்தது. புரதம் 9 சதவீதம், ஆற்றல் கிலோவுக்கு 4,450 கிலோகலோரி. ஆறு மாதத்துக்கு முன்பு என்னிடம் நீட்டியதும் இதே தாள்தான். தேதி மட்டும் புதிது.

நாமக்கல் பக்கம் ஐயாயிரம் முட்டைக்கோழி வைத்திருக்கிறேன். தீவனத்தை நாங்களே அரைக்கிறோம். அதில் பாதிக்கு மேல் மக்காச்சோளம். வழக்கமான வியாபாரியிடம் சரக்கு இல்லாத நேரம் பார்த்து வந்தவர்தான் அந்தத் தாளை நீட்டிய வியாபாரி. மக்காச்சோளம் என்றால் கிலோவுக்கு 3,300 கிலோகலோரி என்று கணக்குப் போட்டே பழகியவன் நான். 4,450 என்று பார்த்தபோதே 'எப்படி?' என்று கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. பத்து டன் இறக்கிவிட்டேன்.

மூன்றாவது வாரம் முட்டை சிறுத்தது. நாளுக்கு 150 அட்டை (அட்டைக்கு 30 முட்டை) எடுத்த இடத்தில் 138. நோய் என்று பயந்து மருத்துவரைக் கூப்பிட்டேன். அவர் கூண்டுகளைச் சுற்றிப் பார்த்துவிட்டு நேராகத் தீவன அறைக்குப் போனார். பிரித்திருந்த மூட்டைக்குள் முழங்கை வரை கையை விட்டார். என்னையும் விடச் சொன்னார். மேலே காய்ந்து கிடந்த சோளம் உள்ளே வெதுவெதுவென்று இருந்தது. ஒரு மணியை எடுத்துக் கடித்தேன். 'கடக்' என்று உடைய வேண்டியது, பல்லுக்கடியில் நசுங்கியது.

நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரியின் தீவனப் பகுப்பாய்வு ஆய்வகத்தில் மாதிரி கொடுத்தேன். ஈரப்பதம் 17 சதவீதம், புரதம் 7.5.

வியாபாரியிடம் போனால், "அறிக்கையில் என்ன பொய் இருக்கிறது, காட்டுங்கள்" என்கிறார். கொடுமை என்னவென்றால், அதில் ஓர் எண்கூடப் பொய் இல்லை. தாளின் அடியில் பொடி எழுத்தில் 'உலர் நிலையில்' என்று இருக்கிறது. தண்ணீரை முழுவதும் நீக்கிய பிறகு 9 சதவீதப் புரதம் என்றால், 17 சதவீத ஈரத்தோடு வந்த மூட்டையில் அது 7.5தான். 12 சதவீத ஈரம் உள்ள சரக்கோடு ஒப்பிட்டால், பத்து டன்னில் 500 கிலோவுக்கு மேல் வெறும் தண்ணீருக்குப் பணம் கொடுத்திருக்கிறேன்.

ஆற்றல் கணக்கு இதைவிட மோசம். 4,450 என்பது உலர்ந்த தானியத்தை ஆக்சிஜனில் எரித்து, வரும் வெப்பத்தை அளந்த மொத்த ஆற்றல். மணி உதிர்த்த பிறகு மிஞ்சும் சக்கையை எரித்தாலும் ஏறக்குறைய அதே எண்தான் வரும். சக்கையைத் தின்று கோழி முட்டையிடுமா? எச்சத்தில் கழிந்தது போக உடலுக்குக் கிடைப்பதுதான் வளர்சிதைமாற்ற ஆற்றல். தீவனக் கணக்கில் நாம் போடும் 3,300 அதுதான். அதை நேரடியாக அளக்க வேண்டுமென்றால், கோழிகளுக்கு நாள்கணக்கில் எடைபோட்டுத் தீனி வைத்து, எச்சத்தைச் சேகரித்து, அதையும் எரித்துப் பார்க்க வேண்டும். லோடுக்கு லோடு யாரும் அதைச் செய்வதில்லை. எனக்கு வந்த ஈரச் சோளத்தில் அது 3,100 தேறியிருந்தால் அதிகம். நான் 3,300 என்று நம்பிக் கலந்துகொண்டிருந்தேன்.

அந்த ஈரத்தில் இன்னும் சில வாரம் அடுக்கி வைத்திருந்தால் பூஞ்சணம் பிடித்திருக்கும். அஃப்லடாக்சின் என்ற பூஞ்சண நச்சு ஏறிவிட்டால் கோழியின் ஈரலையே கெடுத்துவிடும். மிச்ச மூட்டைகளைப் பிரித்து, களத்தில் கொட்டி நான்கு நாள் காய வைத்தோம். பணம் இன்றுவரை திரும்பவில்லை.

இப்போது லாரி நின்றதும் பத்து மூட்டைகளிலாவது நடுப்பகுதியில் குத்தூசி போட்டு எடுத்துக் கலந்து, ஈரப்பத மீட்டரில் வைத்துப் பார்த்த பிறகுதான் இறக்கச் சொல்கிறேன். வியாபாரி கொண்டுவரும் மாதிரியைத் தொடுவதில்லை. புரதம் பேசினால் 'வந்த நிலையில்' எவ்வளவு என்று பில்லிலேயே எழுதி வாங்குகிறேன்.

அந்தப் பண்ணையாளர் ஏற்கெனவே முன்பணம் கொடுத்துவிட்டாராம். "தம்பி, லாரி வந்ததும் கூப்பிடுங்கள். ஒரு மூட்டைகூட இறக்க வேண்டாம், நான் மீட்டரோடு வருகிறேன்" என்று சொல்லியிருக்கிறேன்.