சூடேறினால் ஸ்டார்ட் ஆகாத பி.எஸ்.ஏ: உப்புவெளியில் ஒரு நம்பகமான கராஜ்

குளிர்ந்திருக்கும்போது முதல் உதையிலேயே ஸ்டார்ட் ஆகும் எனது பழைய பி.எஸ்.ஏ. பி31 மோட்டார் சைக்கிள், நிலாவெளி வரை ஓடிச் சூடேறியபின் நிறுத்தினால், நன்றாக ஆறும்வரை அசையாது. வேறு இடங்களில் காபரேட்டரையே திரும்பத் திரும்பக் கழற்றினார்கள். திருகோணமலை உப்புவெளியிலுள்ள இந்தச் சிறிய கராஜின் ஐயாவோ, எதையும் தொடுமுன் வண்டியைக் கன்னியா வரை ஓட்டிச் சூடாக்கி வந்து, எஞ்சின் மறுத்த அந்த நேரத்திலேயே ஸ்பார்க் பிளக்கைக் கழற்றிப் பார்த்தார். அது பெற்றோலில் நனைந்திருந்தது. சிலிண்டர் தலையில் வைத்து உதைத்தபோது பொறி மெலிந்து மஞ்சளாகத் தெரிந்தது. புதிய பிளக்கிலும் அதே நிலைதான். எஞ்சின் ஆறியபின் பொறி நீலமாகப் பளிச்சிட்டது.

பொறிக்கான மின்னை உண்டாக்கும் அக்கால லூகாஸ் மேக்னெட்டோக்களில், ஆர்மச்சர் எனும் சுழலும் கம்பிச்சுருள் பகுதிக்குள்ளேயே இருக்கும் கண்டென்சர் (மின்னைத் தேக்கும் பாகம்), வயதாகிச் சூடேறும்போது மின்னைக் கசியவிடுவதால் பொறி வலுவிழக்கிறது என்று அவர் பொறுமையாக விளக்கினார். ஆர்மச்சரை வெளியே எடுத்து, மெல்லச் சூடாக்கி, கசிவை மீற்றரில் காட்டிய பிறகே புதிய கண்டென்சர் பொருத்தினார். ஊகித்துப் பாகம் மாற்றாத இந்த நேர்மையை நான் மிகவும் மதிக்கிறேன்.

வேலை தாமதமாகும், பாகங்கள் கொழும்பிலிருந்து வரவேண்டும். இப்போது நண்பகல் வெயிலிலும் இரண்டாவது உதைக்குள் எஞ்சின் பிடிக்கிறது.