மாத்திரையா, பேச்சு சிகிச்சையா? பதின்ம வயது மனச்சோர்வில் எது முதலில்

பிளஸ் டூ படிக்கும் பிள்ளைக்கு மனச்சோர்வு என்று டாக்டர் சொன்னதும் வீடு இரண்டு கட்சியாகிவிடும். "இந்த வயசுல மாத்திரையா? கவுன்சலிங் போதும்" என்பது ஒன்று. "பேசினா சரியாகிடுமா?" என்பது இன்னொன்று.

அமெரிக்காவில் 12 முதல் 17 வயதுள்ள 439 பேரிடம் நடந்த டாட்ஸ் ஆய்வு இந்த வழக்கை நேரடியாகவே விசாரித்தது. 2004-இல் வந்த முடிவின்படி, 12 வாரத்தில் நன்றாகத் தேறியவர்கள் ஃபுளூவோக்ஸெடின் மாத்திரை மட்டும் எடுத்தவர்களில் 61 சதவீதம். எண்ணத்தையும் நடத்தையையும் மாற்றப் பழக்கும் சிபிடி மட்டும் பெற்றவர்களில் 43. இரண்டும் பெற்றவர்களில் 71. மருந்தே இல்லாத வெற்று மாத்திரையிலேயே 35 சதவீதம் பேர் தேறினார்கள் என்பதையும் மறக்க வேண்டாம். 36 வாரத்தில் மாத்திரையும் சிபிடியும் 81-இல் சமமாகிவிட்டன. சேர்த்துப் பெற்றவர்கள் 86. ஆக, மாத்திரைக்கு வேகம். சிபிடி மெதுவாக வந்து எட்டிப் பிடிக்கிறது.

ஆனால் என்னைச் சேர்ப்புச் சிகிச்சையின் பக்கம் சாய்த்தது வேறொரு கணக்கு. அந்த 36 வாரங்களில் தற்கொலை எண்ணமோ முயற்சியோ வந்தவர்கள் மாத்திரை மட்டும் எடுத்தவர்களில் சுமார் 15 சதவீதம், இரண்டும் பெற்றவர்களில் 8, சிபிடியில் 6. அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2004-இல் இந்த வகை மாத்திரைகளுக்குக் கறுப்புக் கட்ட எச்சரிக்கை, அதாவது தன் மிகக் கடுமையான எச்சரிக்கை, போட்டதும் இந்த அபாயத்துக்காகத்தான். அது தடை இல்லை. தொடங்கிய முதல் சில வாரங்களும், அளவு மாற்றும் நாட்களும் பிள்ளையைக் கூர்ந்து கவனியுங்கள் என்பதே அதன் பொருள்.

பதற்ற நோய் என்றால் கதை வேறு. 2008-இல் வெளியான ஆய்வில் தேறியவர்கள் சிபிடியில் 60 சதவீதம், செர்ட்ராலின் என்ற மாத்திரையில் 55, இரண்டும் சேர்ந்து 81. அங்கே மாத்திரை இல்லாமலே தாராளமாகத் தொடங்கலாம். லேசான மனச்சோர்வுக்கும் அப்படியே.

சரி, ஊரில் சிபிடி தெரிந்தவர் யார்? "நல்லா படி, யோகா பண்ணு" என்று புத்தி சொல்வது சிபிடி ஆகாது. பயிற்சி பெற்ற உளவியலாளர் மாவட்டத் தலைநகரிலேயே அரிது. நோய் கடுமையாக இருந்தால் அவருக்காக மாதக்கணக்கில் காத்திருப்பதைவிட, மனநல மருத்துவரின் கண்காணிப்பில் மாத்திரையைத் தொடங்குவதே மேல். ஒன்று மட்டும்: வீட்டில் யாருக்காவது பைபோலார், அதாவது மனச்சோர்வும் அளவுமீறிய எழுச்சியும் மாறி மாறி வரும் நோய், இருந்தால் முதலிலேயே சொல்லிவிடுங்கள். அது இருக்கும் பிள்ளைக்கு மனச்சோர்வு மாத்திரை மட்டும் கொடுத்தால் எதிர்ப்பக்கம், அதாவது மிகையெழுச்சிக்கு, தள்ளிவிடலாம். கொஞ்சம் தேறியதும் நீங்களாக மாத்திரையை நிறுத்தவும் கூடாது.

எங்கே போவது என்று தெரியாவிட்டால் அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416-ஐ அழைக்கலாம். இலவசம், தமிழிலும் பேசுவார்கள். பிள்ளை சாவைப் பற்றிப் பேசினால் அப்பாயின்ட்மென்ட் பார்க்காமல் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போங்கள்.