பெரிய எழுத்து வேதாகமம்: மூன்று வருடம் புரட்டிய பிறகு எழுதும் மதிப்புரை

எங்கள் திருநெல்வேலிப் பக்கம் பெரிய எழுத்து வேதாகமம் என்றாலே பாட்டிக்கு வாங்கிக் கொடுப்பது என்றுதான் நினைப்பார்கள். நான் வாங்கும்போது எனக்கு 39 வயது. கடைக்காரர், "அம்மாவுக்கா எடுக்கீங்க?" என்று கேட்டார். எனக்குத்தான் என்றேன்.

அதுவரை என்னிடம் இருந்தது கல்யாணத்தில் அண்ணன் கொடுத்த கையடக்க வேதாகமம். ஆலயத்துக்கு எடுத்துப் போக அதைப்போல வசதி கிடையாது. அந்த வருடம் ஜூலை மாதம் ஒருநாள் காலையில் என் இளைய மகனுக்குக் கண் இமை இரண்டும் வீங்கியிருந்தன. அவனுக்கு அப்போது 5 வயது. கொசு கடித்திருக்கும் என்று விட்டுவிட்டேன். நாலாம் நாள் காலும் வீங்கிச் செருப்பு நுழையவில்லை. நெஃப்ராட்டிக் சிண்ட்ரோம் என்றார்கள். ரத்தத்தில் நிற்க வேண்டிய புரதம் சிறுநீரகம் வழியாகக் கசிந்து சிறுநீரோடு போய்விடுகிற நோய். ஸ்டீராய்டு மாத்திரை, உப்பில்லாத சாப்பாடு, ஆஸ்பத்திரிப் படுக்கை.

வார்டில் ராத்திரி பத்து மணிக்கு விளக்கை அணைத்துவிடுவார்கள். நர்ஸ் மேசை வெளிச்சம் மட்டும்தான். அழுது வீங்கிய கண்ணுக்கு அந்தச் சின்ன எழுத்து ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு எறும்பு வரிசை மாதிரித் தெரிந்தது. மூடி வைத்துவிட்டேன். இரண்டு வாரம் ஒரு வசனம்கூட வாசிக்கவில்லை. ஜெபமும் "இயேசப்பா" என்பதற்கு மேல் வரவில்லை. ஓய்வுநாள் பள்ளியில் வருடக்கணக்காகப் பாடம் எடுத்தவள் நான். டிஸ்சார்ஜ் ஆகி வந்த வாரமே போய் இதை வாங்கினேன்.

பழைய மொழிபெயர்ப்பு, கருப்பு ரெக்சின் அட்டை, ஜிப், தம்ப் இண்டெக்ஸ் (ஒவ்வொரு ஆகமத்தையும் விரல் வைத்துத் திறக்கத் தாள் ஓரத்தில் வெட்டியிருப்பது), பக்க அடையாளத்துக்கு ஒரே ஒரு நாடா. விலை ஆயிரத்துக்குள்தான். எழுத்து நன்றாகத் தெளிவாக, கரியாக இருக்கிறது. சமையலறைக் குண்டு பல்பு வெளிச்சத்தில், கண்ணாடி போடாமல், மடியில் வைத்து வாசிக்கலாம். எனக்கு அது போதும். எந்தப் பதிப்பகம் என்று எழுதப் போவதில்லை. கடையில் நான் புரட்டிப் பார்த்த மற்றப் பெரிய எழுத்துப் பதிப்புகளும் கிட்டத்தட்ட இதே அமைப்பில்தான் இருந்தன.

இந்த நோய் உள்ள பிள்ளை வீட்டில் இருந்தால் தினமும் காலையில் ஒரு வேலை உண்டு. முதல் சிறுநீரைப் பிடித்து, அதில் சோதனைப் பட்டையை முக்கி எடுத்து, ஒரு நிமிடம் காத்திருந்து, டப்பாவில் இருக்கிற நிறத்தோடு ஒப்பிட வேண்டும். மஞ்சளாகவே இருந்தால் புரதம் இல்லை. பச்சை ஏற ஏற ஒரு பிளஸ், இரண்டு பிளஸ், மூன்று பிளஸ். மூன்று நாள் தொடர்ந்து மூன்று பிளஸ் வந்தால் நோய் திரும்பிவிட்டது என்று அர்த்தம். மறுபடியும் மாத்திரை அளவு கூடும். அந்த ஒரு நிமிடம் இருக்கிறதே, அது நீளமான நிமிடம். பட்டையையே பார்த்துக்கொண்டு நிற்க என்னால் முடியவில்லை. அதனால் வேதாகமத்தை அடுப்புத் திண்டுக்குப் பக்கத்தில் விரித்து வைத்து, பட்டையை முக்கியதும் ஒரு வசனம் வாசிப்பேன். சத்தமாக. வாசித்து முடிக்கும்போது நிறம் வந்திருக்கும். அதை அந்த வசனத்துக்கு நேரே ஓரத்தில் பென்சிலால் தேதியோடு குறித்துவைப்பேன்.

இப்படித்தான் புலம்பல் புத்தகத்தின் மூன்றாம் அதிகாரத்துக்கு வந்தேன். "நாம் நிர்மூலமாகாதிருக்கிறது கர்த்தருடைய கிருபையே, அவருடைய இரக்கங்களுக்கு முடிவில்லை. அவைகள் காலைதோறும் புதியவைகள்." அதற்கு நேரே என் கையெழுத்தில் இருப்பது மூன்று பிளஸ். அதற்கடுத்த நாளும் மூன்று பிளஸ். வசனத்தைப் படித்ததும் பட்டை மஞ்சளாகிவிட்டது என்று நான் சாட்சி சொல்ல முடியாது. அடுத்த நாளும் எழுந்து பட்டையை முக்கினேன், அடுத்த வசனத்தை வாசித்தேன் என்றுதான் சொல்ல முடியும்.

தாள் விஷயம் இங்கேதான் வருகிறது. மெல்லிய தாள். பென்சிலுக்கு அருமையாக இருக்கிறது, மூன்று வருடமாகியும் அழியவில்லை. பால்பாயிண்ட் பேனா பின்பக்கம் தடம் காட்டுகிறது. ஜெல் பேனா வேண்டவே வேண்டாம், என் மகள் ஒருநாள் கோடு போட்டதில் மத்தேயு ஆறாம் அதிகாரத்தில் மூன்று தாள் ஊறிப்போனது. ஓரம் தாராளமாக விட்டிருக்கிறார்கள், சுண்டுவிரல் அகலம் இருக்கும்.

பெரிய எழுத்தால் எனக்குக் கிடைத்த இன்னொன்று, அவசரமாக ஓட முடியாது என்பது. ஒரு பக்கத்தில் கொஞ்சம்தான் இருக்கும், கண் நின்றுதான் நகரும். பிள்ளையில்லாத அன்னாளின் கதையை நான் பிள்ளைகளுக்கு எத்தனையோ தடவை சொல்லிக் கொடுத்திருக்கிறேன். அழுதாள், ஜெபித்தாள், சாமுவேல் பிறந்தான், அவ்வளவுதான் என் பாடம். இதில் வாசிக்கும்போதுதான் 1 சாமுவேல் 1:18 என் கண்ணில் பட்டது: "பின்பு அந்த ஸ்திரீ புறப்பட்டுப்போய், போஜனஞ்செய்தாள், அப்புறம் அவள் துக்கமுகமாயிருக்கவில்லை." பிள்ளை இன்னும் வயிற்றில்கூட இல்லை. சமாதானத்தோடே போ என்று ஆசாரியன் ஏலி சொன்ன வார்த்தை மட்டும்தான் அவள் கையில். அவள் போய்ச் சாப்பிட்டாள். மகனுக்கு உப்பில்லாமல் வடிக்கிறேனே என்று நானும் மாதக்கணக்காக ஒழுங்காகச் சாப்பிடாமல் கிடந்தேன். அன்றைக்கு ராத்திரி உட்கார்ந்து சுடுசோறும் புளிக்குழம்பும் அப்பளமும் வைத்துச் சாப்பிட்டேன்.

ஜெபிக்க வந்த ஒருவர், "விசுவாசத்துல எங்கயோ குறை இருக்கும்மா" என்று சொல்லிவிட்டுப் போனார். அன்று சங்கீதம் 88ஐ வாசித்தேன். 150 சங்கீதத்தில் இருட்டிலேயே தொடங்கி இருட்டிலேயே முடிகிற சங்கீதம் அது. அதையும் கர்த்தர் வேதத்தில் வைத்திருக்கிறாரே என்பது எனக்குப் பெரிய ஆறுதல். இப்படிப்பட்ட வருத்தத்தில் இருக்கிற தாய்மார்கள், உங்களிடம் யாராவது குறை என்று சொன்னால் அந்தச் சங்கீதத்தை எடுத்து வாசியுங்கள்.

பாஷை பற்றியும் சொல்ல வேண்டும். பழைய மொழிபெயர்ப்பு 1871ல் வந்த தமிழ். அதற்கு முன்பு இதே வேதத்தைத் தமிழில் திருத்தி எழுத உழைத்தவர்களில் ஒருவர் எங்கள் பாளையங்கோட்டையில் 1820 முதல் ஊழியம் செய்த மிஷனரி ரேனியஸ் ஐயர். எனக்கு இந்தத் தமிழ் தாய்ப்பால் மாதிரி. "ஒத்தாசை", "அங்கலாய்ப்பு" எல்லாம் என் ஆச்சி பேசின வார்த்தைகள். எட்டாம் வகுப்பு படிக்கிற மகளுக்கோ "மனக்கிலேசம்" தொண்டையில் நிற்கிறது. குடும்ப ஜெபத்தில் அவளுக்காக 1995ல் வந்த பொது மொழிபெயர்ப்பான திருவிவிலியத்தையும் பக்கத்தில் வைத்துக்கொள்கிறோம். அதில் கர்த்தர் ஆண்டவராகவும் சங்கீதம் திருப்பாடலாகவும் வரும், முதலில் கொஞ்சம் குழம்புவார்கள், பழகிவிடும். பெரிய எழுத்து இருப்பதால் இரண்டு பிள்ளைகளும் ஆளுக்கொரு பக்கம் உட்கார்ந்து ஒரே புத்தகத்தில் வாசிக்க முடிகிறது. இளையவன் எழுத்துக் கூட்டிப் படிக்கப் பழகியதே இதில்தான்.

குறைகள் உண்டு. ஜிப் எட்டாம் மாதமே வாய் பிளந்துவிட்டது. தம்ப் இண்டெக்ஸில் ஒட்டியிருந்த பெயர்ச் சீட்டுகள் உதிர்ந்து, இப்போது ஆகாய், சகரியா புத்தகங்கள் எங்கே என்று தடவித்தான் தேடுகிறேன். நாடா ஒன்று போதாது. பஸ்ஸில் ஆஸ்பத்திரிக்குப் போகும்போது தூக்கிச் சுமக்க முடியாத கனம், அதற்கு அந்தப் பழைய கையடக்கமே போதும். வாங்குகிறவர்கள் ஜிப் இல்லாத கெட்டி அட்டையாகப் பார்த்து வாங்குங்கள். கடையிலேயே சங்கீதம் 119ஐத் திறந்து, கண்ணாடியைக் கழற்றி, கை மடக்கிய தூரத்தில் வைத்து வாசித்துப் பாருங்கள். அந்தப் பக்கங்கள் தெளிவாக இருந்தால் மற்றதும் தெளிவாக இருக்கும்.

போன மாதம் புத்தகத்தின் முதுகு விட்டுப்போய், ஆதியாகமம் தனியாகக் கையில் வந்தது. பைண்டிங் கடையில் கொடுத்தேன். தைத்து, ஒட்டி, மெஷினில் மூன்று பக்கமும் ஓரம் வெட்டித் தருவதுதான் அவர்கள் வழக்கம்.

"ஓரத்த மட்டும் வெட்டிராதீங்க அண்ணாச்சி" என்றேன்.

"வெட்டலேன்னா தாளு ஏத்த இறக்கமா நிக்குமேம்மா."

புலம்பல் பக்கத்தைத் திறந்து பென்சில் குறிகளைக் காட்டினேன். என்ன கணக்கு என்று கேட்டார், சொன்னேன். மெஷின் பக்கமே கொண்டுபோகாமல் கையாலேயே தைத்துக் கொடுத்தார். தாள்கள் ஏற்ற இறக்கமாகத்தான் நிற்கின்றன. கடைசியாகக் குறித்தது இன்று காலை, ஏசாயா 40க்கு நேரே: மஞ்சள்.